நான்காம் போர் விமான விங்கின் வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க விமானப் படையின் நான்காம் விங், உண்மையில் பிரிட்டிஷ் படையில் பிறந்தது என்று ஒரு நண்பர் சொல்கிறார். அப்படியா?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். அமெரிக்கா இன்னும் போரில் இறங்காதிருந்த 1940 செப்டம்பரில், பிரிட்டனுக்காகப் பறக்க முன்வந்த அமெரிக்க இளைஞர்களைக் கொண்டு பிரிட்டனின் ராயல் விமானப் படை 71ஆம் ஸ்குவாட்ரனை (விமானப் பிரிவை) அமைத்தது; மறு ஆண்டில் 121, 133 ஆகியவை அதனுடன் சேர்ந்தன. ஈகிள் ஸ்குவாட்ரன்கள் என்று அழைக்கப்பட்ட இம்மூன்றும் 1942 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் எட்டாம் விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டு, முறையே 334, 335, 336 என்ற எண்களைப் பெற்று, நான்காம் போர் விமானக் குழு ஆயின; பின்னாளைய நான்காம் விங்கின் தொடக்கம் அதுதான். தளம் மட்டும் மாறவில்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் இருந்த டெப்டன்தான் போர் முடியும் காலம்வரை அவர்களின் முதன்மைத் தளமாக இருந்தது.

கேள்வி: ஒப்படைப்புக்குச் சில நாள்களுக்கு முன் ஒரு ஸ்குவாட்ரன் ஏறத்தாழ முழுவதுமாக அழிந்ததாகப் படித்தேன். எதிரி விமானங்கள் சூழ்ந்துகொண்டனவா?

பதில்: எதிரியைவிடக் காற்றுதான் அவர்களைக் கொன்றது என்பேன். 1942 செப்டம்பர் 26 அன்று 133ஆம் ஸ்குவாட்ரனின் 12 ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள், பிரான்சின் மோர்லே நகர் மீது குண்டு வீசச் சென்ற விமானங்களுக்குத் துணையாகப் புறப்பட்டன. வானிலை அறிக்கை சொன்னதைவிடப் பல மடங்கு பலமான காற்று வடக்கிலிருந்து அடித்து, மேகத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த அவர்களை அவர்களே அறியாமல் வெகுதூரம் தெற்கே தள்ளிவிட்டது. திரும்பும் வழியில் போதிய நேரம் பறந்துவிட்டதாகக் கணக்கிட்டு மேகத்தைக் கிழித்துக் கீழே இறங்கியபோது தெரிந்த கரையை இங்கிலாந்து என்று நம்பினார்கள். அது பிரெஸ்ட் துறைமுகம், ஜெர்மானியப் பீரங்கிகள் காத்திருந்த இடம். எரிபொருளும் தீர்ந்துகொண்டிருந்தது. 11 விமானங்கள் அங்கேயே தொலைந்தன. ஒன்று மட்டும் இங்கிலாந்துக் கரையை எட்டி, அங்கே தரையில் மோதி நின்றது.

இந்த விங்கின் வரலாற்றைப் பலர் விமானிகளின் வீரக் கதையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது பெரும்பாலும் எரிபொருளின் வரலாறாகவே படுகிறது.

கேள்வி: அப்படியானால் ஸ்பிட்ஃபயரிலிருந்து பெர்லின் வரை எப்படிப் போனார்கள், ஐயா? சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: இரண்டு படிகளில். 1943 வசந்தத்தில் ஸ்பிட்ஃபயரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ள பி-47 தண்டர்போல்ட்டுக்கு மாறினார்கள். இலகுவான விமானத்துக்குப் பழகிய விமானிகளுக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஜூலை 28 அன்று, பறக்கும்போதே கழற்றி விடக்கூடிய துணை எரிபொருள் தொட்டிகளுடன் அதே விமானத்தில்தான் ஜெர்மனியின் எல்லைக்குள் நுழைந்தார்கள். பின்னர் வந்த துணைத் தொட்டிகளில் ஒரு வகை பிரிட்டனில் காகிதத்தாலும் பசையாலும் செய்யப்பட்டது. சில மணி நேரத்துக்கு மேல் அந்தக் காகிதம் பெட்ரோலைத் தாங்காது என்பதால், புறப்படுவதற்குச் சற்று முன்புதான் அதை நிரப்புவார்கள்.

இரண்டாவது படி பி-51 மஸ்டாங். 1944 ஜனவரியில் குழுவின் தலைமை ஏற்ற டான் பிளேக்ஸ்லி அதை விடாப்பிடியாகக் கேட்டுப் பெற்றார். பிப்ரவரி இறுதியில் விமானங்கள் வந்தன, மார்ச் 4 அன்று அவருடைய விமானிகள் பெர்லின் வானில் இருந்தார்கள். மஸ்டாங்கின் இருக்கைக்குப் பின்னால் இருந்த கூடுதல் தொட்டி நிரம்பியிருக்கும்போது எடை பின்பக்கம் சாய்ந்து, கூர்மையாகத் திருப்பினால் விமானம் கட்டுப்பாட்டை இழக்கும் அபாயம் இருந்தது. ஆகவே அந்தத் தொட்டியின் பெரும்பகுதியை முதலில் எரித்துவிட்டு, அதன் பிறகே இறக்கையில் தொங்கும் தொட்டிகளுக்கு மாறுவது வழக்கமாயிற்று. அதே ஆண்டு ஜூன் 21 அன்று குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகச் சென்று சோவியத் மண்ணிலேயே தரையிறங்கியதும் இந்த மஸ்டாங்கால்தான் முடிந்தது.

கேள்வி: எட்டாம் விமானப் படையில் அதிக விமானங்களை வீழ்த்தியது நான்காம் குழுவா, 56ஆம் குழுவா?

பதில்: வானில் வீழ்த்தியவற்றை மட்டும் எண்ணினால் 56ஆம் குழு, தரையில் நின்றபோது அழித்தவற்றையும் சேர்த்தால் நான்காம் குழு. எட்டாம் விமானப் படை இரண்டையும் கணக்கில் எடுத்தது, ஆகவே இரு தரப்பும் இன்றுவரை வாதாடலாம். தாழப் பறந்து விமானத் தளங்களைத் தாக்குவது வான் சண்டையைவிட ஆபத்தானது என்பதால், தரைக் கணக்கை இகழ்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

கேள்வி: குழு, விங் என்று மாறி மாறி எழுதுகிறீர்கள். ஒன்றா, வேறா?

பதில்: 1942இல் அந்த மூன்று ஸ்குவாட்ரன்களைக் கொண்டு உருவானது குழு. 1947இல் விங் என்ற அமைப்பு நிறுவப்பட்டு, குழு அதன் கீழ் வந்தது. பின்னர் குழுவின் போர்ச் சிறப்புகளைத் தன்னுடையவையாகக் கொள்ளும் உரிமையும் விங்குக்கு அளிக்கப்பட்டது.

கேள்வி: கொரியப் போரில் அமெரிக்காவின் சேபர் ஜெட் விமானங்கள் சோவியத் தயாரிப்பான மிக் ஜெட் விமானங்களை எளிதாக வென்றன என்பது உண்மையா?

பதில்: எளிதாக அல்ல. 1950 டிசம்பரில் எஃப்-86 சேபர்களுடன் தென் கொரியாவின் கிம்போ தளத்துக்கு வந்த நான்காம் விங், அம்மாதம் 17 அன்று தன் முதல் மிக்-15ஐ வீழ்த்தியது. சேபரின் முதல் வெற்றியும் அதுவே. ஆனால் இரண்டே வாரங்களில் சீனப் படைகளின் முன்னேற்றம் தளத்தைக் கைவிட வைத்தது. ஜப்பானுக்குப் பின்வாங்கிய பிறகு, மிக்குகள் உலவிய, சீன எல்லையில் ஓடும் யாலு ஆற்றின் கரை சேபரின் எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது. கொரியத் தளங்களுக்குத் திரும்பிய பின்னும், அங்கே சுமார் 20 நிமிடங்கள்தான் சுற்ற முடிந்தது. மிக்குகளோ ஆற்றுக்கு அக்கரையில் தங்கள் தளத்தின் மேலேயே ஏறி வந்தன. 1951 மே 20 அன்று விங்கின் விமானி ஜேம்ஸ் ஜபாராவின் துணைத் தொட்டிகளில் ஒன்று கழலவே இல்லை. விதிப்படி அவர் திரும்பியிருக்க வேண்டும்; திரும்பாமல் ஒரு பக்கம் கனத்த விமானத்துடனேயே போரிட்டு இரண்டு மிக்குகளை வீழ்த்தினார். ஜெட்டை எதிர்த்து ஜெட்டில் ஐந்து வெற்றி பெற்ற முதல் அமெரிக்கர் ஆனதும் அன்றுதான்.

கேள்வி: அதன் பிறகு?

பதில்: 1957 டிசம்பர் முதல் வட கரோலினாவின் சீமோர் ஜான்சன் தளம். அங்கே பறந்த போர் விமானங்கள் எஃப்-100, எஃப்-105, பின்னர் 1967இல் எஃப்-4 ஃபேன்டம். 1972இல் தாய்லாந்திலிருந்து வியட்நாம் போரிலும் பறந்தார்கள்.

கேள்வி: வளைகுடாப் போரில் குண்டு வீசி ஒரு ஹெலிகாப்டரை வீழ்த்தியதாகச் சொல்வது கட்டுக்கதையா?

பதில்: இல்லை. 1991 பிப்ரவரி 14 அன்று 335ஆம் ஸ்குவாட்ரனின் எஃப்-15இ போர் விமானம் ஒன்று, ஈராக்கிய ஹெலிகாப்டர் மீது லேசர் வழிகாட்டும் 2,000 பவுண்டு குண்டை விட்டது. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே இலக்கு எழும்பி நகரத் தொடங்கியது. தவறிவிட்டது என்று எண்ணிய விமானிகள் ஏவுகணைக்கு மாறிக்கொண்டிருந்தபோது, குண்டு அதைத் தாக்கிச் சிதறடித்தது.

கேள்வி: ஒரு காலத்தில் இந்த விங்கிடம் பெரிய எரிபொருள் விமானங்களும் இருந்தனவாமே?

பதில்: இருந்தன. அப்போருக்குப் பின், 1991 ஏப்ரலில், அதே தளத்தில் இருந்த, வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் கேசி-10 விமானங்கள் இதனுடன் இணைக்கப்பட்டன. பெயரிலிருந்து 'போர் விமான' என்பதை நீக்கி வெறும் நான்காம் விங் என்றே அழைத்தார்கள். எரிபொருள் தீர்ந்து பிரெஸ்டில் சிக்கிய ஸ்குவாட்ரனின் வழித்தோன்றல்கள், தங்களுக்கே உரிய பறக்கும் எரிபொருள் கிடங்குடன் சில ஆண்டுகள் இருந்தார்கள். 1995இல் பழைய பெயர் திரும்பியது.