பாபா யாகாவின் வேலியோரம்: ‘அழகி வசிலிசா’ படப் புத்தகம் பற்றிக் கேள்வி பதில்

ருஷ்ய ஓவியர் இவான் பிலிபின் படம் வரைந்த ‘அழகி வசிலிசா’ 1902-இல் வெளிவந்த சிறுவர் நூல். பழைய ருஷ்யப் படப் புத்தகங்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். அந்த அனுபவத்தில், வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: கதையையும் பிலிபின்தான் எழுதினாரா?

பதில்: இல்லை. அலெக்சாந்தர் அஃபனாசியேவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் உள்ள கதை இது. பிலிபின் வரைந்த இந்த வரிசையில் 1901 முதல் 1903 வரை ஆறு புத்தகங்கள் வந்தன.

கேள்வி: மெல்லிய புத்தகம். சேகரிப்பவர்கள் ஏன் இப்படித் தேடுகிறார்கள், ஐயா?

பதில்: முதல் காரணம் அச்சு. பீட்டர்ஸ்பர்க்கில் ரூபிள் நோட்டு அச்சடித்த அரசு அச்சகமே இதை அச்சிட்டது. கள்ள நோட்டுக்காரனை ஏமாற்றப் பழகிய கைகள் குழந்தைகளின் புத்தகத்துக்கும் அதே கவனத்தைக் கொடுத்தன. வண்ணம் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழைகூட வழியவில்லை.

இரண்டாவது, பிலிபினின் கை. பென்சிலில் வரைந்ததைப் படியெடுத்து, தூரிகையால் கறுப்பு மையில் ஒரே சீரான கோடு இழுப்பார். அந்தக் கோட்டுக்குள் நீர்வண்ணத்தைத் தட்டையாக நிரப்புவார். ‘இரும்புக் கை இவான்’ என்று நண்பர்கள் அழைத்தது அதனால்தான். ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களில் அவருக்கு இருந்த ஈடுபாடும், வடக்கு ருஷ்யக் கிராமத்துப் பூவேலைகளும் இங்கே ஒன்றுசேர்கின்றன. படத்தைச் சுற்றியுள்ள கரையைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். நல்ல பட்டுப் புடவையை விரித்தால் கண் முதலில் கரைக்குப் போவதில்லையா, அப்படிப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளை, சிவப்பு, கறுப்பு என மூன்று குதிரைவீரர்கள் வருகிறார்களே, யார் அவர்கள்?

பதில்: பகல், சூரியன், இரவு. கதையில் வரும் காட்டுச் சூனியக்காரக் கிழவி பாபா யாகாவே, கதாநாயகி வசிலிசாவிடம் அப்படித்தான் சொல்கிறாள்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. மண்டையோட்டுப் படம் வரும் பக்கத்தை மறைத்துவிட்டுப் படித்துக் காட்டலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. கதையின் உயிரே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிற்றன்னை வீட்டார் நெருப்பு வாங்கிவரச் சொல்லி வசிலிசாவை இருட்டில் அனுப்புகிறார்கள். போகும் இடம், உரலில் ஏறி, உலக்கையால் உந்தி, துடைப்பத்தால் தடத்தை அழித்துக்கொண்டு வரும் கிழவியின் வீடு. கோழிக்கால் மேல் நிற்கும் குடிசை. அங்கே அவளுக்குத் துணை, சாகும்போது தாய் கொடுத்த சிறு பொம்மை ஒன்றுதான். தாயின் ஆசி பெற்றவளைக் கிழவியால் வீட்டில் வைத்திருக்க முடிவதில்லை. வேலியிலிருந்து கண் எரியும் மண்டையோடு ஒன்றை எடுத்துக் கொடுத்து வெளியே தள்ளுகிறாள். காடு முழுக்க அந்தப் பெண்ணுக்கு அதுதான் விளக்கு. மகளை மடியில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படியுங்கள். பயந்தால், பொம்மை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வசிலிசாவின் சட்டைப்பையில் இருப்பதை அவளே சொல்வாள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்தது. 1902-ஆம் ஆண்டுப் பதிப்பு என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: எழுத்தைப் பாருங்கள். 1918-இல் ருஷ்ய எழுத்துச் சீர்திருத்தம் நடந்தது. அதற்கு முன் பல சொற்களின் இறுதியில் ‘ъ’ என்ற குறி நிற்கும். அது இல்லையென்றால் பின்னாளையது என்று முடிவு செய்யலாம். இருந்தால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள், பழைய எழுத்தையும் அப்படியே நகலெடுத்த மறுபதிப்புகள் உண்டு. அடுத்து, உருப்பெருக்கியைப் படத்தில் உள்ள வானத்தின் மேல் வையுங்கள். ஒழுங்கான வரிசைகளில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பின்னாளைய ஆஃப்செட் அச்சு. பின்பக்கத்தில் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையும் கோபெக் என்ற ருஷ்யச் சில்லறைக் காசில் விலையும் இருந்தால் பெரும்பாலும் சோவியத் காலத்துப் பிரதி. அதற்காக வருந்த வேண்டியதில்லை. அந்தப் பழைய அச்சகத்தின் வழிவந்த கோஸ்நாக் நிறுவனமும் இவற்றை மறுபதிப்புச் செய்தது. என்னிடம் இருப்பதும் அதுதான், மனநிறைவோடு வைத்திருக்கிறேன்.

கேள்வி: படங்களை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டலாமா?

பதில்: கூடாது. வெட்டிய புத்தகம் திரும்பி வராது. நல்ல நகல் எடுத்து அதை மாட்டுங்கள்.

கேள்வி: ராமபாணம் அரிக்கிறது, முதுகும் கிழிந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: செலோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் பழுப்புக் கறையை விட்டுவிட்டு உதிர்ந்துவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அந்துருண்டையைத் தாளில் படும்படி வைக்காதீர்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கவைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் புரட்டுங்கள். பூச்சி சேருவது தொடாத புத்தகத்தில்தான். தைத்த கம்பி துருப்பிடித்திருந்தால் நீங்களே பிடுங்காமல், நூல் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் அப்பா வாங்கிய ருஷ்யக் கதைப் புத்தகங்கள் தமிழில் இருக்கின்றன. இவற்றுக்கும் மதிப்பு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1980-களில் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பியவை அவை. சோவியத் ஒன்றியத்தோடு அந்த வரத்தும் நின்றுவிட்டது. பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தில் அப்பா எழுதிய பெயரையும் தேதியையும் அழிக்காமல் விடுங்கள்.