மீன் பேனுக்குத் தடுப்பூசி: பிள்ளை கேட்கும் படிப்பு சோறு போடுமா?

ஐயா, உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய் குத்தகை எடுத்துக் கட்லாவும் ரோகுவும் வளர்க்கும் உங்களுக்கு ஆர்குலஸ் என்ற மீன் பேனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து போட்டால் உதிரும். கல்லிலும் கட்டையிலும் ஒட்டிய முட்டைகள் தப்பிவிடும். சில வாரத்தில் பழையபடி ஏறிவிடும். கெண்டை மீன்களுக்கு இதற்கென்று வாங்கிப் போடும் தடுப்பூசி இன்னும் இல்லை. அந்த ஊசி எதைக் குறிவைக்க வேண்டும் என்று தேடும் வேலையைத்தான் உங்கள் மகள் கேட்கிறாள். நல்ல ஆசைதான். ஆனால் முனைவர் பட்டம் வரை சுமார் 10 வருஷம் ஆகும் என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள்.

வேலை இதுதான். பேனின் ஆயிரக்கணக்கான புரதங்களில் உமிழ்நீரோடு வெளிவருபவற்றையும் குடல் சுவரில் இருப்பவற்றையும் கணினியில் சலித்து எடுக்க வேண்டும். குடல் ஏன் என்றால், பேன் குடிக்கும் ரத்தத்தோடு மீனின் எதிர்ப்பொருளும் (நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) உள்ளே போய் அங்கேயே தாக்கும். மாட்டு உண்ணிக்கு 1990களில் வந்த தடுப்பூசி, பிஎம்86 என்ற குடல் புரதத்தை வைத்து இப்படித்தான் செய்யப்பட்டது. மீனின் சொந்தப் புரதத்தை ஒத்திருப்பதையெல்லாம் தள்ளிவிட வேண்டும். மிஞ்சும் சிலவற்றை ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, மீனுக்கு ஊசி போட்டு, பிறகு பேனை விட்டு எத்தனை ஒட்டுகின்றன என்று எண்ண வேண்டும்.

பலர் வழுக்குவது கணினிக் கட்டத்தில். எந்தப் புரதம் எதிர்ப்பைத் தூண்டும் என்று கணிக்க, மனிதருக்கும் எலிக்கும் பழக்கப்பட்ட மென்பொருளை மீனுக்கும் ஓட்டி, வந்த மதிப்பெண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பேனை விட்டு, மீனுக்கு வெண்புள்ளி நோய் தரும் இக்தியோப்திரியஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணியை ஆராயப் போனால் இன்னொரு பொறி. மற்ற உயிர்களில் 'நிறுத்து' என்று பொருள்படும் யுஏஏ, யுஏஜி என்ற மரபணுக் குறிகளை அது குளூட்டமின் என்ற அமினோ அமிலமாகப் படிக்கும். மரபணுவைத் திருத்தி எழுதாமல் ஈ.கோலையில் போட்டால் புரதம் பாதியிலேயே அறுந்துவிடும். சரியாக எழுதினாலும் புரதம் மடியாமல் கட்டியாகிவிடுவது உண்டு. மாதக்கணக்கில் வேலை வீணாகும். இதைத் தாங்கும் பொறுமை பரீட்சை மதிப்பெண்ணைவிட முக்கியம்.

படிப்புக்கு என் தேர்வு, மீன்வளப் பல்கலைக்கழகத்தின் 4 வருட பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள இளநிலைப் பட்டம். பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை, நீட் வேண்டாம். தூத்துக்குடிக் கல்லூரி நமக்குப் பக்கம். ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் மீன்வளத் துறைத் தேர்வு, வங்கி வேளாண் அலுவலர் பணி, தீவன நிறுவனம், குஞ்சுப் பொரிப்பகம் என்று கதவுகள் திறந்திருக்கும். வீட்டிலிருந்தே போய்வர வேண்டுமென்றால் மதுரையில் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கலாம். பிறகு எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் அவசியம், அதில் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் இடங்களுக்கான காட்-பி நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் வருஷமே தயாராக வேண்டும். இந்த வழியில் குளத்து அனுபவம் குறையும், அதை உங்கள் கண்மாயே ஈடுகட்டும். வெறும் மென்பொருள் கற்றுத்தரும் படிப்பை நம்பிப் பெரிய தொகை கட்டாதீர்கள். சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முனைவர் படிப்பில் மாதம் 37,000 ரூபாய் வரும். ஆக, உங்கள் கைக்காசு தேவைப்படுவது முதுகலை வரைதான்.

விண்ணப்பம் போடும் முன் ஒன்று செய்யுங்கள். பேன் பிடித்த மீனிலிருந்து ஒரு பேனை இடுக்கியால் எடுத்து, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், கிளைகிளையாக ஓடும் குடல் வெளியிலிருந்தே தெரியும். கண்ணெடுக்காமல் அரைமணி நேரம் பார்த்தாளானால் தூத்துக்குடிக்கே விண்ணப்பம் போடுங்கள்.