நூறு குடத்தில் அரைத் தம்ளர்

கேள்வி: உலகின் முக்கால் பங்கு நீர். நீர்ச் சுழற்சியில் ஒரு சொட்டும் குறைவதில்லை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கடல்நீரைக் குடிநீராக்கும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. பிறகு எதற்காக உங்கள் இதழ் மாதம் தவறாமல் தண்ணீர்ப் பஞ்சம் என்று எழுதி மக்களை அச்சுறுத்துகிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் பள்ளியில் படித்தது சரியே. ஆனால் குறையாத அந்த மொத்தத்தில் நம் குடத்துக்கு வருவது எவ்வளவு, அது எங்கே வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்பவற்றை நீங்கள் கேட்கவில்லை. எங்கள் கட்டுரைகள் பேசுவது அவற்றைப் பற்றித்தான்.

உலகின் நீர் முழுவதையும் பதினைந்து லிட்டர் கொள்ளும் 100 குடங்களில் நிரப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 97 குடத்துக்கு மேல் உப்புநீர். எஞ்சும் இரண்டரைக் குடம் நன்னீரில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் குடம் அண்டார்க்டிகாவிலும் கிரீன்லாந்திலும் உயர்ந்த மலைகளிலும் பனியாக உறைந்து கிடக்கிறது. முக்கால் குடம் நிலத்தடியில் இருக்கிறது. அதிலும் ஒரு பகுதி எந்த ஆழ்துளைக் கிணற்றுக்கும் எட்டாது. ஏரிகளிலும் ஆறுகளிலும் உள்ள நன்னீர் அத்தனையும் சேர்ந்து 100 மில்லி, அதாவது அரைத் தம்ளர். அந்த அரைத் தம்ளரிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சைபீரியாவின் பைக்கால் ஏரி ஒன்றிலேயே இருக்கிறது. உலகின் ஆறுகள் அனைத்துக்கும் சேர்த்து அரை டீஸ்பூன்.

அரை டீஸ்பூனைக் கொண்டு இத்தனை கோடிப் பேர் வாழ முடிவது, அது ஓடிக்கொண்டும் மழையால் மீண்டும் மீண்டும் நிரம்பிக்கொண்டும் இருப்பதால்தான். இப்படி ஆண்டுதோறும் நிலத்திலிருந்து கடலுக்கு ஓடுவது 40,000 கன கிலோமீட்டர் அளவு. மனிதர்கள் எடுத்துப் பயன்படுத்துவதோ ஏறத்தாழ 4,000. பத்தில் ஒரு பங்குதான் என்னும்போது, உங்கள் கட்சியே வெல்லும் போலத் தோன்றும். ஆனால் அந்த ஓட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த அமேசான் படுகையினுடையது. உலக மக்களில் 18 சதவீதத்தினர் வாழும் இந்தியாவுக்குக் கிடைப்பது உலக நன்னீரில் 4 சதவீதம். அதுவும் பெரும்பாலும் சில மாதப் பருவமழையாக வந்து கொட்டிவிட்டுப் போகிறது.

சென்னையின் ஆண்டுச் சராசரி மழை லண்டனுடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய இதே நகரத்தில், 2018இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால், 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரி வரும் என்ற நம்பிக்கையில் எங்கள் தெருவில் முதல் நாள் இரவே குடங்களை வரிசையில் வைத்துவிடுவார்கள். வெறுங்குடம் காற்றில் உருண்டு வரிசை கலையாதிருக்கக் கழுத்தோடு கழுத்தாகக் கயிறு கட்டி, வீட்டு எண்ணைப் பெயின்டால் எழுதியிருந்தார்கள். அந்த வரிசையைப் பார்த்தவன் என்பதால், "அச்சுறுத்துகிறீர்கள்" என்ற உங்கள் சொல்லை ஏற்க என்னால் இயலவில்லை.

மழை தவறாமல் பெய்யும் இடத்தில் இந்தத் துன்பம் இராது என்று நினைத்தால், காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பாருங்கள். நீரோட்டத்தில் அமேசானுக்கு அடுத்த பெரிய ஆறான காங்கோ, நிலநடுக்கோட்டை இரு முறை கடக்கிறது. அதன் படுகையின் வட பாதியிலோ தென் பாதியிலோ எப்போதும் மழைக்காலம் நடப்பதால் ஆறு ஆண்டு முழுவதும் பெருகி ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையில்தான் தலைநகர் கின்ஷாசா இருக்கிறது. ஆனாலும் நாட்டு மக்களில் கால்வாசிப் பேருக்கே பாதுகாப்பான குடிநீர் கிடைப்பதாக 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை கூறியது. நீண்டகாலப் போரும் சீர்குலைந்த நிர்வாகமும் சுத்திகரிப்பு நிலையங்களையும் குழாய்களையும் பாழாக்கிவிட்ட நாட்டில், பெண்களும் சிறுவர்களும் மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களைச் சுமந்து நடக்கிறார்கள்.

இனி, கடல்நீர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அது உதவும் என்பதை மறுக்கவில்லை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலைகள் அமைத்தது தேவையான செயல்தான். ஆனால் மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் 70 சதவீதம் வேளாண்மைக்குப் போகிறது என்பதை உங்கள் கேள்வி மறந்துவிட்டது. ஆயிரம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும்; ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. அந்த நீரைக் கடலிலிருந்து எடுத்தால், ஒரு கிலோ அரிசிக்கு ஏழெட்டு யூனிட் மின்சாரத்தையாவது வயலில் ஊற்ற வேண்டும். டெல்டாவில் வாழும் உங்களுக்கு அந்த அரிசி என்ன விலை விற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் வளம் மிகுந்த, கடல்நீரைக் குடிநீராக்குவதில் உலகின் முன்னணியில் நிற்கும் சவூதி அரேபியாவே கோதுமைக்குக் கடல்நீரை நம்பவில்லை. 1980களில் அது பாலைவனத்தின் ஆழத்தில் இருந்த நீரை இறைத்துக் கோதுமை விளைவித்து, ஏற்றுமதியும் செய்தது. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகவே, உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016க்குள் நிறுத்திவிடுவதென 2008இல் முடிவெடுத்தது. அந்த வயல்களில் பாய்ந்த நீரின் பெரும்பகுதி, அரேபியாவில் நல்ல மழை பெய்த பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் பாறைக்குள் இறங்கியது. இன்று அங்கே பெய்யும் மழையால் அதை ஈடுசெய்ய முடியாது.