கரண்ட் வைக்கும் டாக்டராகப் போகலாமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. எழுதியிருக்கிறேன். என் ரேங்குக்கு ரேடியோடயக்னாசிஸ் (ஸ்கேன் பார்த்து நோய் கண்டறியும் துறை) கிடைக்காது, ரேடியேஷன் ஆன்காலஜி (கதிர்வீச்சால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் துறை) கிடைக்கும். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது மூளைக் கட்டி நோயாளிகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதில் ஈடுபாடு உண்டு. மூளை, தண்டுவடக் கட்டிகளுக்கு மட்டுமே சிகிச்சை தரும் நிபுணராக வேண்டும் என்று ஆசை. அப்பாவோ, "கிளினிக் வைக்க முடியாத படிப்பு. கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாது, உனக்குக் கல்யாணம் ஆக வேண்டும். அதோடு, சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை" என்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அப்பா சொன்னதில் கிளினிக் விஷயம் முழுக்கச் சரி. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதிர் பாய்ச்சும் இயந்திரமான லீனியர் ஆக்ஸிலரேட்டர் கோடிக்கணக்கில் விலை. அதற்கு மீட்டர் கணக்கில் தடித்த கான்கிரீட் சுவர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், மருத்துவ இயற்பியலாளர், டெக்னாலஜிஸ்ட் எல்லாம் வேண்டும். வீட்டு முன்னறையில் பலகை மாட்டி மாலை ஆறு மணிக்கு உட்கார இது தோதுப்படாது. கடைசி வரை ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் சம்பளக்காரராகத்தான் இருப்பீர்கள். இயந்திரம் இருக்கும் ஊரில்தான் குடியிருப்பீர்கள். இதை மனதார ஏற்க முடியாவிட்டால் மேலே படிக்க வேண்டியதில்லை.

கதிர்வீச்சுப் பயம் வீண். கதிர் பாயும்போது அறைக்குள் நோயாளி மட்டும் இருப்பார். நாம் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்போம். இயந்திரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றது. மார்பில் குத்திக்கொள்ளும் பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி, எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட் வரை சட்டம் அனுமதிக்கிறது. என் பேட்ஜ் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

சாகப்போகிறவர்கள் என்றாரே, அதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூளைக் கட்டி என்றாலே மரணம் என்று வெளியில் நினைக்கிறார்கள். மெனிஞ்சியோமா, பிட்யூட்டரி கட்டி, காது நரம்புக் கட்டி என்று வருகிறவர்களில் பலர் சிகிச்சை முடிந்து பத்து இருபது வருடம் கழித்தும் ஸ்கேனோடு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். ஜெர்மினோமா என்ற கட்டி, கதிர் பட்டாலே கரைவதுபோல் குறையும். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மூளையிலிருந்து முதுகுத்தண்டின் அடி வரை கதிர் கொடுக்க வேண்டும். கொடுமையான சிகிச்சைதான், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். முன்னால் இருக்கும் இதயத்திலும் குடலிலும் கதிர் பாயாமல் தடுக்கத்தான் புரோட்டான் சிகிச்சை. 2019இல் சென்னையில் அதற்கென ஒரு மையம் வந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1957இலேயே கோபால்ட் கதிர் இயந்திரம் ஓடியது. தமிழ்நாட்டுக்கு இது நேற்று வந்த துறை இல்லை.

அப்பா மனதில் இருப்பது, வேகமாக வளரும் மூளைப் புற்றுநோயான கிளையோபிளாஸ்டோமாவாக இருக்கும். அதை மறைக்க மாட்டேன். ஆறு வாரம், 30 தவணை, மொத்தம் 60 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), கூடவே டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரை. 2005இல் வெளிவந்த ஆய்வுதான் இன்றும் இதற்கு அடிப்படை. அதில் மாத்திரை சேர்த்ததால், பாதி நோயாளிகள் உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடியது. இரண்டரை மாதத்துக்கா இத்தனை பாடு என்று அப்பா கேட்பார். அதே ஆய்வில் இரண்டு வருடத்தைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேராக இருந்தது 26 ஆனது. மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம் அந்தப் பதினாறு பேரைப் பற்றிக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். அப்பா சொல்வதும் பொய்யில்லை. இந்தப் பிரிவில் வருடா வருடம் தெரிந்த முகங்களை இழப்பீர்கள்.

தண்டுவடத்தில் கணக்கே வேறு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அரிசி மண்டியில் மூட்டை சுமக்கும் ஒருவர் சுவரைப் பிடித்தபடி வந்தார். இரண்டு மாத முதுகுவலி. தைலம், பெல்ட், ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு வாரமாகப் பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றார். நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடம்பு இல்லை. வீக்கம் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் போட்டு அன்று இரவே ஒரே தவணையில் 8 கிரே கொடுத்தோம். நோய் குணமாகவில்லை, ஐந்து மாதம்தான் இருந்தார். ஆனால் கடைசி இரண்டு வாரம் வரை கழிவறைக்குத் தானே நடந்து போனார். நடந்து வருகிறவர் பெரும்பாலும் நடந்துகொண்டே இருப்பார். கால் முழுதாக விழுந்து இரண்டு நாள் ஆகிவிட்டால் திரும்ப எழுவது அரிது. (எந்தப் பிரிவுக்குப் போனாலும், முதுகுவலியோடு கால் தளர்ந்து வருகிறவரைத் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.)

அன்றாட வேலை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முடிவு அதில்தான் இருக்கிறது. பாதி நாள் திரை முன்னால் கழியும். எம்.ஆர்.ஐ.யைத் துண்டு துண்டாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் கட்டியைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். பிறகு பார்வை நரம்பு, மூளைத்தண்டு, உட்செவி, நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் என்று காப்பாற்ற வேண்டியவற்றுக்குத் தனித்தனிக் கோடு. புள்ளியைத் தொடாமல் இழை ஓடும் சிக்குக் கோலம்போலத்தான். தொல்லை என்னவென்றால் கட்டிக்கு 60 கிரே வேண்டும், பார்வை நரம்புகள் கூடும் இடமோ ஏறத்தாழ 54க்கு மேல் தாங்காது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால்? இயற்பியலாளர் ஒரு திட்டம் போட்டு அனுப்புவார், நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள், அவர் முணுமுணுப்பார். இரண்டு மில்லிமீட்டருக்காக மாலை முழுக்கப் போகும். அந்த இரண்டு மில்லிமீட்டர் உங்களைத் தூங்க விடாது என்றால் நீங்கள் எங்கள் ஆள்.

மீதிப் பாதி நாள் மனிதர்களோடு. கதிர் பட்ட இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முடி திட்டுத்திட்டாகக் கொட்டும். ஒரு பெண்மணி, சமயபுரத்தில் வேண்டுதல் என்று ஊரில் சொல்லிவிட்டு முழு மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கதிர் படும் தோலில் எங்களைக் கேட்காமல் எதுவும் தடவக்கூடாது என்பதால், தலையில் பூசியிருந்த சந்தனத்தை மட்டும் கழுவிவிட்டு வரச் சொன்னேன்.

இனி உங்கள் ஆசையில் இருக்கும் ஒரு சிக்கல். எம்.டி. மூன்று வருடத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்களைத்தான். மூளைக் கட்டி அவற்றுக்கு நடுவே அவ்வப்போது வரும். படிப்பு முடிந்து, நியூரோ-ஆன்காலஜியில் பெல்லோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி செய்து, நரம்பியல் அறுவை நிபுணர்கள் நிறைய இருக்கும் பெரிய மையத்தில் வேலை கிடைத்தால்தான் அது மட்டுமே உங்கள் வேலையாகும். நடுத்தர ஊர்களில் எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். மற்ற புற்றுநோய்களைப் பார்க்கவே பிடிக்காது என்றால் இந்த இடத்தை எடுக்காதீர்கள். ரேடியோடயக்னாசிஸ் கிடைக்காத வருத்தத்தில் ஆறுதல் பரிசாகவும் எடுக்காதீர்கள். பெயரில் பாதி ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் குணம் வேறு. அங்கே படத்தைப் படித்து அறிக்கை தருவார்கள், இங்கே படத்துக்குரியவரோடு வருடக்கணக்கில் பழக வேண்டும்.

கவுன்சலிங்கில் விருப்பம் பதிவதற்குள் ஒரு வாரம், அனுமதி கேட்டு ஏதாவது ஒரு கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் போய் நில்லுங்கள். முதல் நாள், தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் செய்யும் அறை. வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் வலைத் தகட்டை முகத்தில் இழுத்துப் பதிக்கும்போது நோயாளியின் கை விரல்களைக் கவனியுங்கள். மறுநாள் திட்டமிடும் அறையில், பேசாமல், ஒருவர் கோடு போடுவதை மூன்று மணி நேரம் பாருங்கள். ஒருநாள் அப்பாவையும் கூட்டிப்போய் வெளியே காத்திருப்போர் பெஞ்சில் உட்காரவையுங்கள். எங்கள் நோயாளிகள் இதைக் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை, கரண்ட் என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு இன்றைக்கு எத்தனையாவது கரண்ட்?" என்று கட்டாயம் கேட்பார். அப்பா என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.