டூரிங் மோட்டாருக்கு, அதாவது நெடுந்தூரம் ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்கு, 1000 வாட்ஸ் ஸ்பீக்கர் செட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? நாலு ஸ்பீக்கரை எங்கே பொருத்துவது?

பெட்டியில் போட்டிருக்கும் 1000ஐ முதலில் மறந்துவிடுங்கள். அது உச்ச வாட்ஸ், கண் இமைக்கும் நேரத்துக்கு ஸ்பீக்கர் தாங்கும் என்று விற்பவர் சொல்லும் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பது ஆர்எம்எஸ் எண்ணில்தான் தெரியும். மோட்டாருக்கு அதையும் விட முக்கியம் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அது.

காரில் 88 டெசிபல் ஸ்பீக்கரே தாராளம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் சத்தம் உள்ளேயே சுற்றும். மோட்டாரில் நாலு பக்கமும் திறந்தவெளி. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போய்விடும். அதனால் 92, 93 உள்ளதாகப் பாருங்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையரின்) சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அப்படிப் பார்த்தால் 88 ஸ்பீக்கரை 93க்குச் சமமாக முழங்க வைக்க மூன்று மடங்குக்கு மேல் பவர் வேண்டும். அந்தக் கரண்ட் உங்கள் மோட்டாரின் ஸ்டேட்டரிலிருந்துதான், அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் பாகத்திலிருந்துதான், வர வேண்டும். ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் எடுத்தது போக மிஞ்சுவதுதான் பாட்டுக்கு. டவுனில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது அதுவும் இருக்காது, பேட்டரிதான் இறங்கும். ஆம்ப் வாங்கினால் கிளாஸ் டி என்ற வகையை வாங்குங்கள், கரண்டை வீணாக்காது.

சென்சிடிவிட்டியிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. சிலர் ஒரு வாட்டில் அளக்காமல் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட்தான். 4 ஓமுக்கு இரண்டு வாட், 2 ஓமுக்கு நாலு வாட். 2 ஓம் ஸ்பீக்கரில் 94 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் 88தான். எதில் அளந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த செட் வேண்டாம்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டம். வார இறுதியில் கோலகங்சார், லெங்கோங் வழியாக கிரிக் போய், அங்கிருந்து ஜெலி பக்கம் மலைச்சாலையில் ஏறுவோம். மலையில் 70, 80க்கு மேல் போக முடியாது, அந்த வேகத்தில் நல்ல ஸ்பீக்கர் தெளிவாகக் கேட்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வேறு கதை. மோட்டாருக்கு டோல் கிடையாது என்பதால் எல்லோரும் அதில்தான் ஏறுகிறோம். 110இல் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தமே 100 டெசிபலைத் தொடும். அதை அடக்கும் அளவுக்குப் பாட்டு வைத்தால் காது என்ன ஆகும்? நம் நாட்டு வேலையிடச் சத்த விதிமுறை 2019இல் வந்தது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100இல் கால் மணி நேரம்தான். செம்பனை ஆலையில் வேலை செய்கிறவர் காதடைப்பான் போடுகிறார், நாம் மட்டும் நெடுஞ்சாலையில் வெறும் காதோடு போகிறோம். நுரை அடைப்பானை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், காற்றிரைச்சல் அடங்கி பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும். நாள் முழுக்க 110இல்தான் ஓட்டம் என்றால் ஹெல்மெட்டுக்குள் வைக்கும் சின்ன ஸ்பீக்கரே போதும்.

பொருத்தும் இடத்துக்கு வருவோம். பணத்தைவிட இதற்குத்தான் யோசனை அதிகம் வேண்டும். முதல் இரண்டும் ஃபேரிங்கில், அதாவது மோட்டாரின் முன்பக்க உறையில், விண்ட்ஷீல்டுக்குப் பின்னால். காற்று குறைவாக அடிக்கும் இடம் அது, காதுக்கும் பக்கம். கோணம்தான் சூட்சுமம். பாட்டில் வார்த்தை புரிவது கூர்மையான மேல் ஒலிகளால். அவை நேர்க்கோட்டில் போகிறவை, குறுக்கே எது நின்றாலும் மங்கிவிடும். ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஹெல்மெட் போட்டு வழக்கம்போல் உட்காருங்கள். ஸ்பீக்கர் இருக்கப்போகும் இடத்தில் நண்பரை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள், ஸ்பீக்கர் பார்க்கும் திசையில். வெளிச்சம் உங்கள் கன்னத்தில் விழுந்தால் சரி. நெஞ்சில் விழுந்தால் ஸ்பீக்கர் உங்கள் சட்டைக்குத்தான் பாடும். அடியில் சாய்வு வளையம் வைத்துத் தூக்கிவிடுங்கள். ஹேண்டில், கண்ணாடி, டேங்க் பை எதுவும் மறைக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

ஹேண்டில்பாரில் மாட்டும் உருண்டை ஸ்பீக்கர் எனக்குப் பிடிக்காது. அந்த எடை முழுக்க ஸ்டீயரிங்கில் போய் உட்காருகிறது. மாட்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லையா என்று பாருங்கள். முழங்காலுக்கு முன்னால் கீழே வைப்பதும் வீண், காலே மறைத்துவிடும்.

பின்னால் இரண்டு தேவையா? வீட்டுக்காரம்மாவோ மச்சானோ பின்னால் உட்கார்ந்து வந்தால் வையுங்கள். இடம் டாப் பாக்ஸ், அதாவது பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள பெட்டி. அவர்கள் காதுக்கு அந்த ஸ்பீக்கர் ரொம்பப் பக்கம், தனியாகச் சத்தம் குறைக்க வசதி இருக்கட்டும். தனியாக ஓட்டுகிறவருக்கு முன்னால் நல்லதாக இரண்டு இருந்தாலே போதும்.

உறுமி மேளத்தின் அடியொலி நெஞ்சில் மோத வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆறரை அங்குல ஸ்பீக்கரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். கோனின், அதாவது ஸ்பீக்கரில் அதிரும் கூம்பின், பின்புறத்து ஒலி முன்னால் வந்து கலந்தால் இருக்கிற பேஸும் அழிந்துவிடும். அதனால் பின்பக்கம் மூடிய பெட்டியாக இருக்க வேண்டும், ஓரத்தில் நுரைப் பட்டை ஒட்ட வேண்டும். ஆம்ப்பில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். அதற்குக் கீழே அனுப்பினால் சத்தம் வராது, கோன்தான் கிழியும்.

மழையைச் சொல்ல வேண்டியதில்லை. காகிதக் கோனும் நுரை விளிம்பும் நம் வெயில், ஈரத்துக்குத் தாங்காது. பிளாஸ்டிக் கோன், ரப்பர் விளிம்பு பாருங்கள். ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். கார் வாஷ் கடையின் பிரஷர் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்தால் அதற்கு அந்த எண் பொறுப்பில்லை. படகுக்குச் செய்த ஸ்பீக்கரும் நல்லதுதான், உப்பையும் வெயிலையும் தாங்கும். ஆனால் சென்சிடிவிட்டி குறைவாக இருக்கலாம், பார்த்து வாங்குங்கள்.

வயரிங் கடையில் கொடுத்தாலும் மூன்று விஷயத்தை நீங்களே பாருங்கள். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆம்ப் சாவியோடு சேர்ந்து அணைய வேண்டும். அப்புறம் பிளஸ், மைனஸ். ஒரு ஸ்பீக்கரில் அது மாறிப்போனாலும் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸில் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். எல்லா ஸ்பீக்கரிலும் அப்படித் தள்ளுகிறதா என்று பார்த்த பிறகு மூடியை முடுக்கச் சொல்லுங்கள்.