வயதைக் கேட்டீங்கள், வருசத்தைக் கேட்கேல்லையே அக்கா

அக்கா, நேற்று நீங்கள் போனில் பதறிக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "மகனுக்கு வயது போயிடுமோ?" பிள்ளைக்கு இப்பதான் 20. பிரெஞ்சு இராணுவத்தில் வெளிநாட்டவரைச் சேர்க்கிற பிரிவுக்கு, பெடியள் 'லெஜியன்' என்று சொல்லுறதுக்கு, 17½ வயதிலிருந்து 39½ வரை போகலாம். "இந்த மாதம் காசு கட்டாட்டில் வயது முடிஞ்சிடும்" என்று ஏஜென்சிக்காரர் சொன்னது உங்களை அந்தரப்படுத்தத்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது எத்தனை வருசம் என்று. முதல் ஒப்பந்தமே 5 வருசம். கலியாணம் கட்டினவரையும் தனியாளாகத்தான் பதிவினம். முதல் நாலு மாதம் பயிற்சி. பிரெஞ்சு தெரியாட்டிலும் அங்கை படிப்பிப்பினம். 3 வருசச் சேவைக்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். ஊரில் இதைத்தான் 'மூன்று வருசத்தில் பாஸ்போட்' என்று சுருக்கிப்போட்டினம். 20 வயதுப் பிள்ளைக்கு அந்த 5 வருசம் சின்னக் கணக்கில்லை.

இனி அந்தக் காசு. லெஜியனில் சேரக் கட்டணம் இல்லை. ஆட்சேர்ப்பு பிரான்சுக்குள் மட்டும்தான், ஆள் நேரில் போய்க் கதவைத் தட்ட வேணும். இங்கிருந்து போக விசாவும் அவை எடுத்துத் தராயினம். அப்ப ஏஜென்சிக்காரர் கேட்கிற இலட்சங்கள் எதுக்கு? பயணத்துக்கு. அந்தப் பயணம் எந்த வழியாலை என்பதுதான் எனக்குப் பயம். ஐரோப்பாவுக்கென்று ரஷ்யா வழியாகப் புறப்பட்ட எங்கட இலங்கைப் பெடியள் சிலர் உக்ரைன் போர்முனையில் போய் நின்றதை 2024இல் பேப்பரில் நீங்களும் வாசிச்சிருப்பீங்கள். 3 வருசம், 5 வருசம் என்று கணக்குப் பார்க்கிறதெல்லாம் ஒழுங்கான ஒப்பந்தத்துக்குத்தான்.

மகனுக்கு உண்மையிலேயே படைதான் விருப்பமோ, இல்லாட்டில் பிரான்சோ? பிரான்ஸ்தான் என்றால் பிரெஞ்சு படிக்கட்டும். கூடவே வெல்டிங்கோ மின்னிணைப்போ என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டம் வரை முடிக்கட்டும்; கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தையும் ஒருக்கால் போய்ப் பாருங்கோ. படைதான் என்றால் 23இலும் போகலாம், 25இலும் போகலாம்.

சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஏஜென்சிக்காரர் தந்த தாளையும் கொண்டு வாங்கோ, அதில் எந்த நாட்டு விசா என்று போட்டிருக்கு என்று முதலில் பார்ப்பம். அதுவரைக்கும் தாலிக்கொடியை அடகு வைக்காதேயுங்கோ.