சீன மாணவர்களின் ஆங்கிலப் பயிற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வாசகர்களும், அவர்களோடு படிக்கிற, வேலை செய்கிற வாசகர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். இலக்கணம், கேட்டல், வாசிப்பு ஆகிய மூன்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என்னோடு பணிபுரியும் தோழி செங்டூ நகரத்தைச் சேர்ந்தவர். மின்னஞ்சலில் அவருடைய ஆங்கிலத்தில் பிழையே இருக்காது. பேசும்போது மட்டும் பெண்களையும் 'ஹி' என்கிறார். நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் 'ஐ கோ' என்கிறார். இது கவனக்குறைவா? அவருக்கு எப்படி உதவுவது? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: கவனக்குறைவு இல்லை. அவருடைய தாய்மொழியின் அமைப்பே இதற்குக் காரணம். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒலி ஒன்றுதான்: 'தா'. எழுத்தில் வேறுபாடு உண்டு என்றாலும், 'அவள்' என்பதற்கான தனி எழுத்தே கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன் பேசப்படுபவர் ஆணா பெண்ணா என்று முடிவு செய்துகொள்ளும் பழக்கம் அவர் வாய்க்கு இல்லை. தமிழில் வினைமுற்று வரைக்கும் அந்த வேறுபாட்டைச் சுமந்து செல்கிற நமக்கு அந்தச் சிரமம் எளிதில் பிடிபடாது.

காலம் பற்றிய பிழையும் இத்தகையதே. மாண்டரினில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. 'நேற்று' என்ற சொல் வந்துவிட்டால் காலம் தெரிந்துவிடுகிறது. செயல் முடிந்துவிட்டது என்பதைக் காட்ட 'ல' என்ற இடைச்சொல்லும், முன்பு அனுபவப்பட்டது என்பதைக் காட்ட 'குவோ' என்ற இடைச்சொல்லும் வினைக்குப் பின்னால் வந்து சேர்கின்றன. ஆகவே 'யெஸ்டர்டே ஐ கோ' என்று சொல்பவர் தன் கணக்கில் காலத்தைச் சொல்லி முடித்துவிட்டார். 'பிகாஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'ஸோ' என்பதையும், 'ஆல்தோ' என்று தொடங்கியதில் 'பட்' என்பதையும் சேர்ப்பதும் இப்படி வந்ததே. மாண்டரினில் இவை பெரும்பாலும் இணையாக வரும் சொற்கள்.

மின்னஞ்சல் எழுதும்போது விதிகளை நினைவுகூர அவருக்கு நேரம் கிடைக்கிறது, பேச்சில் கிடைப்பதில்லை. எனவே அவருக்கு இன்னொரு இலக்கண நூலை வாங்கித் தர வேண்டாம். முந்தைய நாள் தன் தோழி ஒருத்தி என்ன செய்தாள் என்பதை இரண்டு நிமிடம் இடைவிடாமல் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அவரே கேட்டு, தவறிய வினைகளையும் 'ஹி', 'ஷி' குழப்பங்களையும் தாளில் குறித்துக்கொண்டு, உடனே அதே செய்தியை மறுபடியும் சொல்லட்டும். இரண்டாம் முறை பிழை குறைவதை அவரே காண்பார். ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். பேச்சின் நடுவே குறுக்கிட்டு எல்லாவற்றையும் திருத்தினால், பள்ளிக்காலம் முழுவதும் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஆங்கிலம் படித்த ஒருவர் பேசுவதையே நிறுத்திவிடுவார். தேர்வில் வென்றும் வாய் திறக்க முடியாத இந்த நிலைக்குச் சீனர்களே 'ஊமை ஆங்கிலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சீனாவில் மருத்துவம் படிக்கிறேன். என் சீன நண்பர் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலைக்குத் தயாராகிறார். வாசிப்புப் பகுதியில் நல்ல மதிப்பெண் பெறுகிறார், கேட்டல் பகுதியில் சரிகிறார். நாள்தோறும் ஒரு மணிநேரம் ஒலிப்பதிவுகளைக் கேட்டும் பயனில்லை என்கிறார். ஏன்? (மாணவர்)

பதில்: 1987இல் தொடங்கிய அந்தத் தேர்வு இன்று மொத்தம் 710 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. கேட்டலுக்கு 35 விழுக்காடு, வாசிப்புக்கு 35 விழுக்காடு, எழுதுதலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் தலா 15 விழுக்காடு. தேர்ச்சி என்று மாணவர்கள் கருதுவது 425 மதிப்பெண்ணை. கேட்டலில் சரிகிறவர் மற்ற பகுதிகளில் அதை ஈடுகட்டுவது கடினம். பல்கலைக்கழக நுழைவுக்கான காவ்காவ் தேர்வில், பெரும்பாலான மாகாணங்களில், ஆங்கிலத்துக்கு உரிய 150 மதிப்பெண்களில் கேட்டலுக்கு 30 மட்டுமே; அதிலும் முதல் ஐந்து சிறு உரையாடல்களைத் தவிர மற்றவை இருமுறை ஒலிக்கும். கல்லூரித் தேர்விலோ எல்லாம் ஒரே முறைதான். இரண்டாம் வாய்ப்பை நம்பியே பழகிய காது இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை.

அடிப்படைக் காரணம் இன்னும் ஆழமானது. மாண்டரின் அசைகள் உயிரொலியிலோ, 'ன்', 'ங்' என்ற மூக்கொலிகளிலோதான் பெரும்பாலும் முடியும். சொல்லின் கடைசியில் ட், க், ப், ஸ் ஒலிகளோ, அவை இரண்டு மூன்றாகச் சேர்ந்தோ வரும்போது அந்தக் காது அவற்றைத் தேடுவதே இல்லை. ஆங்கிலமோ இறந்தகாலத்தையும் பன்மையையும் அந்தக் கடைசி ஒலிகளில்தான் வைத்திருக்கிறது. மேலும், மாண்டரினில் பெரும்பாலான அசைகள் முழுமையாக ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசைகள் மட்டும் நிமிர்ந்து நிற்க, 'டு', 'ஆஃப்', 'ஹேவ்', 'ஹெர்' போன்ற சிறு சொற்கள் நசுங்கிப் போகின்றன. கண்ணால் படித்தால் உங்கள் நண்பர் அறியாத சொல் அந்த ஒலிப்பதிவில் ஒன்றுகூட இராது. அவை ஒலிக்கும் விதம்தான் அவருக்குப் புதிது.

ஒரு மணிநேரம் கேட்பதைக் கைவிட்டு, ஒரே ஒரு நிமிடப் பதிவை அரை மணிநேரம் டிக்டேஷன் எழுதச் சொல்லுங்கள். 'ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹெர்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இயல்பான பேச்சில் அது 'ஐ ஷுடவ் டோல்டர்' என்றுதான் காதில் விழும். மாணவர் 'ஐ ஷுட் டோல்ட்' என்று எழுதுவார். இந்த இடத்தில் உடனே விடையைக் காட்டிவிடக் கூடாது. 'ஷுட்' என்பதற்குப் பின் 'டோல்ட்' நேராக வராது என்பது அவருக்குப் பள்ளியிலேயே தெரியும். அந்த அறிவைக் கொண்டு, இடையில் ஏதோ ஒன்று விழுங்கப்பட்டிருக்கிறது என்று அவரே ஊகித்து, அதே வாக்கியத்தை மீண்டும் ஓடவிட்டு, அந்த 'அவ்' ஒலியைத் தேடிப் பிடிக்கட்டும். யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற கேள்வி எழும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'அர்' ஒலியும் கிடைத்துவிடும். இத்தனை ஆண்டுகள் தாளில் கோடிட்ட இடங்களை நிரப்ப மட்டுமே பயன்பட்ட இலக்கணம், இப்போது காதுக்கு வழிகாட்டுகிறது. சீன மாணவர்களிடம் இலக்கணச் செல்வம் நிறைய இருக்கிறது. அதைச் செலவிடும் வழியைத்தான் யாரும் காட்டுவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

எழுதி முடித்தபின், பதிவோடு சேர்ந்து அதே வேகத்தில், அதே நசுங்கலோடு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சீன வகுப்பறைகளில் காலை நேரத்தில் பாடத்தை உரக்கப் படிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே முழுமையாக ஒலித்துப் படிப்பதால் அது காதைத் தவறாகவே பழக்குகிறது. 1959இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு, சுமார் 1500 சொற்களைக் கொண்டு மெதுவாக வாசிக்கப்பட்டது. சீனாவில் பல தலைமுறையினர் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். தொடக்க நிலைக்கு அது நல்ல துணை. ஆயினும் அந்த மெதுவான வாசிப்பில் சொற்கள் நசுங்குவதில்லை என்பதால், கல்லூரி நிலைக்கு வந்தவர் அதிலேயே தங்கிவிடக் கூடாது.

கேள்வி: என் மாணவர்கள் வீட்டில் பேசுவது கான்டனீஸும் ஹொக்கியனும். அவர்களுக்கும் இவை பொருந்துமா? (ஆசிரியை, கோலாலம்பூர்)

பதில்: இலக்கணப் பகுதி பொருந்தும், கேட்டல் பகுதி பாதிதான் பொருந்தும். அந்த இரு தென்சீன மொழிகளிலும் சொல்லின் கடைசியில் ப், ட், க் ஒலிகள் உண்டு, ஆனால் அவை வெடிக்காமல் வாய்க்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே உங்கள் மாணவர்கள் 'கேப்', 'கேட்' என்பவற்றைப் பிரித்துக் கேட்டுவிடுவார்கள். 'ஆஸ்க்ட்', 'ஹெல்ப்ட்' போன்ற ஒலிக்கூட்டங்களில்தான் இடறுவார்கள். கான்டனீஸ் பேசுபவர்களில் பலர் 'ன', 'ல' ஒலிகளைச் சொல்லின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்வதையும் கவனியுங்கள்.

கேள்வி: ஆங்கிலப் படங்களைத் திரையின் அடியில் ஓடும் சீன மொழி வரிகளோடு பார்ப்பது பயிற்சியாகுமா? (வாசகர், பினாங்கு)

பதில்: ஆகாது. கண் தாய்மொழி வரியைப் படித்துவிட்டால் காது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை முதலில் வரிகளின்றியும், அடுத்து ஆங்கில வரிகளோடும், மறுபடி வரிகளின்றியும் பார்த்தால் போதும்.

கேள்வி: இணையவழியில் நான் கற்பிக்கும் வூகான் நகர மாணவி ஒரு பக்கத்தில் முப்பது சொற்களுக்கு அகராதி பார்க்கிறார். செய்தித்தாள்தான் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். வாசிப்பு வேகத்தை எப்படிக் கூட்டுவது? (ஆசிரியர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் செய்தித்தாளை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு பகுதியைத் துணையின்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷனும் அவருடன் ஆய்வு செய்த ஹூவும் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதாவது நூறு சொற்களுக்கு இரண்டு மட்டுமே புதிதாக இருக்கலாம். எளிமைப்படுத்தப்படாத நாவலுக்கும் செய்தித்தாளுக்கும் அந்த அளவை எட்ட 8000 முதல் 9000 வரையிலான சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேவை என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். சீனாவில் பள்ளி முடித்த மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை ஏறக்குறைய 3000 சொற்கள். இந்த இடைவெளியை மனவுறுதியால் தாண்ட முடியாது. நிலைவாரியாக எளிமைப்படுத்தி வெளியிடப்படும் கதை நூல்களில், பக்கத்துக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் புதிதாக இல்லாத நிலையைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஒரு நூல் என்ற கணக்கில் படிக்கச் சொல்லுங்கள். 'இது குழந்தைகளுக்கானது' என்று அவர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்தைப் பொறுமையோடு போக்குவது உங்கள் கடமை.

இன்னொரு தடை வாக்கிய அமைப்பில் இருக்கிறது. 'நேற்று வந்த மாணவன்' என்று நாம் பெயரெச்சத் தொடரைப் பெயருக்கு முன்னால் வைப்பதுபோலவே மாண்டரினும் வைக்கிறது. ஆங்கிலம் அதைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே சீன வாசகர் 'ஹூ', 'விச்' வரும் இடமெல்லாம் வாக்கியத்தின் முடிவுக்குச் சென்று, திரும்பி வந்து, சீன வரிசையில் அடுக்கிப் பார்க்கிறார். நீண்ட வாக்கியங்களைக் கூறுபோட்டுப் பகுப்பாய்வதில் சீனப் பள்ளிகள் தரும் பயிற்சி உண்மையிலேயே சிறந்தது, ஆனால் அது கண்ணைப் பின்னோக்கி ஓடவும் பழக்கிவிடுகிறது. ஒரு பத்தியைச் சொற்றொடர் சொற்றொடராகச் சாய்கோடிட்டுப் பிரித்துக் கொடுத்து, வந்த வரிசையிலேயே, திரும்பிப் பார்க்காமல் படிக்கச் செய்யுங்கள். அந்தப் பத்தியின் ஒலிப்பதிவு கிடைத்தால் அதைக் கேட்டுக்கொண்டே படிப்பது இன்னும் நல்லது. ஒலி யாருக்காகவும் பின்னால் திரும்பாது. தமிழ் பேசும் உங்களுக்கும் ஒரு காலத்தில் இதே தடை இருந்திருக்கும் என்பதால், அவர் எங்கே நிற்கிறார் என்பதை நீங்கள் மற்ற ஆசிரியர்களைவிட விரைவாகக் கண்டுகொள்வீர்கள்.

கேள்வி: சென்னைக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலம் படித்த சீனப் பொறியாளர்களுக்கு எங்கள் ஆங்கிலம் புரிவதில்லை. (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: அவர்களுடைய பாடநூல் ஒலிப்பதிவுகளில் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்களே பெரிதும் உண்டு. நம் நாவளைத்துச் சொல்லும் 'ட' ஒலிகளும், எல்லா அசைகளுக்கும் ஒரே அழுத்தம் தந்து விரைந்து பேசும் வழக்கமும் அவர்களுக்குப் புதியவை. வாக்கியங்களைச் சுருக்கி, சொற்றொடர்களுக்கு இடையே சற்று நிறுத்திப் பேசுங்கள். எண்களையும் தேதிகளையும் எழுதிக் காட்டிவிடுங்கள். நாள்தோறும் நடக்கும் காலைக் கூட்டத்தை, அனுமதியோடு, ஐந்து நிமிடம் பதிவு செய்து அவர்களுக்குக் கொடுத்தால், வேறு எந்தப் பாடத்தையும்விட அது அவர்களுக்கு உதவும்.

கேள்வி: சொல் மனப்பாடச் செயலிகள் பயன் தருமா? (மாணவி, சிங்கப்பூர்)

பதில்: பாய்ட்சிஜான் போன்ற செயலிகள் ஒரு சொல்லை முதன்முறை அறிமுகம் செய்துகொள்ள உதவும். அகரவரிசைப் பட்டியலைக் கையில் எடுத்து 'அபாண்டன்' என்ற முதல் சொல்லோடு கைவிட்டுவிடும் மாணவர்கள் சீனாவில் ஏராளம். செயலியில் அந்தச் சோர்வு குறைகிறது. ஆனால் திரையில் தெரிந்த சொல்லைச் சொல்லின் ஒலியோடு சேர்த்துப் பழகாவிட்டால், கேட்டல் தேர்வில் அது தெரியாத சொல்தான்.

கேள்வி: என் மாணவர்களுக்கு 'எ', 'தி' என்ற ஆர்ட்டிக்கிள் மட்டும் எவ்வளவு விளக்கினாலும் வருவதில்லை. (ஆசிரியை, ஈப்போ)

பதில்: விளக்கத்தால் அது வராது. விதிகளை அவர்கள் உங்களைவிட நன்றாக ஒப்பிப்பார்கள். மாண்டரினில் ஆர்ட்டிக்கிள் இல்லை. எண்ணுக்கும் பெயருக்கும் இடையே, அந்தப் பொருளை எண்ணுவதற்கான அளவைச்சொல் ஒன்று வரும், அவ்வளவே. அவர்கள் படித்து முடித்த கதையின் ஒரு பத்தியை எடுத்து, எல்லா ஆர்ட்டிக்கிளையும் நீக்கி, இடைவெளி எதுவும் விடாமல் தட்டச்சு செய்து கொடுங்கள். கோடிட்ட இடம் இருந்தால் எங்கே வேண்டும் என்ற பாதி விடையை நாமே சொல்லிவிடுகிறோம். காவ்காவ் தேர்வின் இலக்கணப் பகுதி அவர்களை அப்படித்தான் பழக்கியிருக்கிறது. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை மாணவர்களே முடிவு செய்து, மறுநாள் மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வோர் இடத்திலும் 'இந்தப் பொருளைப் பற்றி வாசகருக்கு முன்பே தெரியுமா' என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். மலை, ஆறு, நாடு ஆகியவற்றின் பெயர்களுக்கான தனி விதிகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். அவை இல்லாத பத்திகளாகத் தேர்ந்தெடுங்கள்.